ஆஸ்பத்திரி கட்டுவதா, வீட்டு வாசலுக்குப் போவதா?

மட்டக்களப்பு கத்தோலிக்க மறைமாவட்டம் சொந்தமாக ஒரு ஆஸ்பத்திரி நடத்தலாமே என்பது ஒரு யோசனை. அமெரிக்காவில் அசென்ஷன் அப்படித்தான்: 1999இல் துறவற சபைகளின் ஆஸ்பத்திரிகள் இணைந்து உருவான இலாப நோக்கற்ற வலையமைப்பு. வசதியில்லாதவருக்குக் கட்டணத்தைக் குறைக்கும். சிகிச்சைக்குப் பில் வரும் நாட்டில் அது பெரிய உதவி.

இங்கே போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் வாகரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ கிளினிக்குக்கு வந்தால் பஸ் காசு போகும், அன்றைய கூலியும் போகும். வயதானவர் என்றால் துணைக்கு இன்னொருவர் வேண்டும், அவருடைய கூலியும் சேர்ந்து போகும். அதனால் நான் இரண்டாவது வழியின் பக்கம்: கரித்தாஸ் எகெட் போன்ற மறைமாவட்ட அமைப்பு வழியாக வாகன உதவி, வீடு தேடிப்போய்ப் பராமரிப்பு. புது ஆஸ்பத்திரி என்றால் வைத்தியர், தாதியர் சம்பளத்துக்காகவே கட்டணம் வாங்க வேண்டிவரும்.