லேசர் புகைக்குக் குழாயா, வடிகட்டியா?

வீட்டு அறையில் லேசர் இயந்திரம் வைத்துப் பெயர்ப்பலகை வெட்டுபவர், இயந்திரத்தோடு சேர்த்தே புகைக்கும் வழி பார்க்க வேண்டும். சுவாசிப்பது நாமும் பிள்ளைகளும் அல்லவா!

வளவுள்ள யாழ்ப்பாணத்து வீட்டுக்கு என் தெரிவு புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்தான். விசிறியைக் குழாயின் வெளிமுனையில் பொருத்துங்கள். அப்போது அறைக்குள் ஓடும் பகுதி முழுவதும் உறிஞ்சும் பக்கமாக இருக்கும். பொருத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் புகை உள்ளே கசியாது. சோளகம் (தென்மேற்குக் காற்று) எதிர்த்து வீசினால் புகை திரும்பும், ஆகவே குழாயின் வெளிவாயில் ஒருவழி மூடி வேண்டும். குழாயை அயல்வீட்டு யன்னலை நோக்கித் திருப்புவது அநியாயம்.

நகரில் நெருக்கமான மாடி அறை என்றால் வடிகட்டிப் பெட்டி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹெப்பா (HEPA) எனும் நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அக்கிரிலிக் வெட்டும்போது மூக்கைத் துளைக்கும் மணம் மெதைல் மெதாக்ரிலேற்று வாயு. அதற்குச் செயலூட்டிய கரி (activated carbon) வேண்டும், அதுவும் கிலோக்கணக்கில். கரி பூசிய மெல்லிய பஞ்சு போதாது. மாரிகாலத்து ஈரக்காற்றில் கரியின் பிடிப்புக் குறையும். வெளிவரும் காற்றில் மணம் தெரிந்தால் கரியை உடனே மாற்றுங்கள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் புகை முன்வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும்.

பிவிசி பிளாஸ்டிக்கை எந்த வழியிலும் வெட்டாதீர்கள்: அது ஹைட்ரஜன் குளோரைட்டு எனும் அமில வாயுவை வெளியிட்டு நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும்.