நெதர் போர்ட்டல்: கணக்குப் போட்டுக் கட்டுவதா, விளையாட்டிடமே விடுவதா?

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் நெதர் என்ற பாதாள உலகில் ஒரு கட்டம் நடந்தால், வழக்கமாக விளையாடும் மேலுலகில் எட்டுக் கட்டம். இரண்டு உலகையும் இணைக்கும் வாசல்தான் போர்ட்டல். நெதரில் வரும் மறுமுனை போர்ட்டலை விளையாட்டே தானாக உருவாக்க விடுவதா, இடத்தைக் கணக்கிட்டு நாமே கட்டுவதா என்பதில்தான் குழப்பம்.

செலவு
தானாக: போர்ட்டல் சட்டத்தின் மூலைகளை விட்டுவிட்டால் 10 அப்சிடியன் (கெட்டியான கருங்கல் கட்டம்) போதும். மறுபக்கச் சட்டம் இலவசம்.
கணக்கிட்டு: 20. தானாக முளைத்த சட்டத்தை வைரப் பிக்காக்ஸால் உடைத்தால் 14 கிடைக்கும், ஆகவே கையிருப்பு குறையாது. போர்ட்டலைப் பற்றவைக்க நெருப்பு மூட்டியை மறக்காதீர்கள்.

துல்லியம்
தானாக: 16 கட்டத்துக்குள் எங்கேயும் முளைக்கும், சில சமயம் எரிமலைக் குழம்பின் விளிம்பிலேயே. அதைவிடப் பெரிய தொல்லை, நெதரில் 16 கட்டத்துக்குள் பழைய போர்ட்டல் ஏதாவது இருந்தால் புதிதாக எதுவும் உருவாகாது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு கட்டியவர்கள் ஒரே வாசலில் போய் விழுவது இதனால்தான்.
கணக்கிட்டு: மேலுலகப் போர்ட்டலில் நின்று எஃப்3 அழுத்தினால் இருப்பிட எண்கள் தெரியும்; அதில் எக்ஸ், இசட் இரண்டையும் எட்டால் வகுங்கள். உயரத்தைக் காட்டும் ஒய்யை வகுக்கக் கூடாது. 1203, -845 என்றால் 150, -106. கவனம்: எதிர்மறை எண்ணில் -105.6 வந்தால் -105 அல்ல, கீழே இறக்கி -106. ஒய்யும் தூரக் கணக்கில் சேரும். உயரம் வெகுவாக மாறினால் இணைப்பு வேறு போர்ட்டலுக்குத் தாவலாம்.

ஒரே வீடு, ஒரே வாசல் என்றால் தானாகவே விடுங்கள். இரண்டாவது போர்ட்டல் வரப்போகிறது என்றால் முதலாவதையும் சேர்த்துக் கணக்கிட்டே கட்டுங்கள்.