ரத்தம் கேட்டுப் பதிவு போடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்

அப்பா ஐசியூவில் இருந்தபோது, அந்த ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம் 38,500 ரூபாயை ஏமாற்றி வாங்கிவிட்டார்கள். ஏமாற்றியவனுக்குத் தேவைப்பட்ட விவரம் அத்தனையையும் முகநூலில் எழுதி வைத்தது நான்தான். அதனால்தான் எட்டு மாதம் கழித்தாவது இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய நாள் குறித்திருந்தார்கள். நான்கு யூனிட் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். அப்பாவுக்கு பி நெகட்டிவ். வீட்டில் அந்த வகை தம்பிக்கு மட்டும்தான், அவன் துபாயில் இருக்கிறான். ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு வேறு வழி தெரியாமல் முகநூலில் எழுதினேன். அப்பாவின் முழுப்பெயர், வயது, ஊர், மருத்துவமனை, வார்டு, படுக்கை எண், ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை என்பது, என் கைபேசி எண், நான் எடுக்காவிட்டால் அழைக்க அம்மாவின் எண். கூடவே அப்பா படுத்திருக்கும் ஒரு படம். படம் இருந்தால்தான் நம்புவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் பார்க்கும்படி, அதாவது தேதிக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன உலக உருண்டை தெரியும்படி போட்டேன். விடிவதற்குள் 300 பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள்.

நல்லவர்கள் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். திருமங்கலத்திலிருந்து ஒரு பையன் காலை பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்தான். கையில் இருநூறு ரூபாயை வைத்தேன். "வேணாங்கக்கா, அப்பா நல்லானதும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவனை மாதிரி இன்னும் மூன்று பேர்.

திங்கள் மதியம் ராஜபாளையத்திலிருந்து என்று ஓர் அழைப்பு. மூன்று பேர் காரில் கிளம்பிவிட்டோம், வாடகைக்கு 2,400 மட்டும் ஜிபே பண்ணிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். அப்புறம் அந்த எண் அணைந்தது அணைந்ததுதான். அப்போது இருந்த பதற்றத்தில் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே பதிவை எடுத்திருந்தால் மற்றது நடந்திருக்காது.

செவ்வாய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் பதிவுக்குக் கீழேயே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை சித்தி மகள், "பெரியப்பாவை எப்போ பார்க்கலாம்?" என்று கேட்டாள். "சாயங்காலம் 4லிருந்து 5 வரைக்கும் ஒரு ஆளைத்தான் விடுறாங்க. போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. நான் போவேன், அம்மா வெளியில் இருப்பாங்க" என்று எழுதினேன். அதற்கு மேலே தம்பி எழுதியிருந்தான்: "சிட்டுக்கா, வியாழன் காலை வந்துடுறேன். அம்மாவைப் பார்த்துக்கோ."

அன்று நான்கு மணிக்குப் போனை அணைத்து அம்மாவின் பையில் போட்டுவிட்டு உள்ளே போனேன். நான்கே காலுக்கு அம்மாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அம்மா பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, ஐசியூல இருந்து பேசுறேன். ஐயாவுக்கு ஒரு ஊசி உடனே போடணும். நம்ம ஃபார்மசில ஸ்டாக் இல்ல. வெளிய சொல்லியாச்சு, பணம் போட்டாத்தான் பையனைக் கிளப்பி விடுவாங்க. அரைமணி நேரத்துக்குள்ள போட்டாகணும்."

"என் பொண்ணு உள்ளதான் இருக்கா, அவ வந்துரட்டும் சார்" என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

"சிட்டு என் பக்கத்துலதாம்மா நிக்குறாங்க. போன் வெளிய இருக்குல்ல, அதான் உங்களை அனுப்பச் சொன்னாங்க. தம்பி நாளைக்குக் காலையில வந்துருவாராம்ல? பயப்படாதீங்க."

சிட்டு என்று என்னை வீட்டு ஆட்கள் தவிர யாரும் கூப்பிட மாட்டார்கள். என் கணவர்கூட அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த ஒரு வார்த்தையில் அம்மாவுக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது. ஆஸ்பத்திரி ரசீதில் இருக்கும் நோயாளி எண்ணையும் அவன் சொல்லியிருக்கிறான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையிலிருந்த ரசீதோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். சரியாக இருந்தது. தம்பி பழக்கிக் கொடுத்த ஜிபேயில் 38,500 போட்டு, பின் நம்பரை அடித்து அனுப்பிவிட்டார்.

ஐந்து மணிக்கு நான் வெளியே வந்ததும் அம்மா எழுந்து வந்து கேட்டார்: "ஊசி போட்டுட்டாங்களா?"

எந்த ஊசி என்று நான் கேட்டபோது அம்மாவின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் தாங்க முடியவில்லை.

அடுத்து நான் செய்தது பெரிய தப்பு. உள்ளே வேலை செய்கிற யாரோதான் விவரம் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, பில்லிங் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போய்ச் சண்டை போட்டேன். முக்கால் மணி நேரம் அதில் போனது. பக்கத்தில் நின்ற ஒருவர்தான், "முதல்ல 1930க்கு அடிங்கம்மா, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார். இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் அது, அடித்தேன். பணம் அனுப்பிய நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் கேட்டார்கள், புகார் எண் கொடுத்தார்கள். அதற்குள் பணம் இரண்டு கணக்குகளைத் தாண்டி மூன்றாவதற்குப் போயிருந்தது. அதில் மிச்சமிருந்த 9,200 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டது. அதை எடுக்கவும் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார்கள், இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். வங்கியிலும் கேட்டுப்பார்த்தேன். அட்டை திருடுபோயோ, நமக்குத் தெரியாமலோ போன பணமாக இருந்தால் மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுப்பவருக்கு ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி பாதுகாப்புத் தருகிறது. ஆனால் இங்கே பின் நம்பரை அடித்தது வாடிக்கையாளரே என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்று மாலையே நான் போன சைபர் குற்றப் பிரிவில் இருந்த அதிகாரி ரொம்பப் பொறுமையானவர். நான் மருத்துவமனை ஆட்கள்மேல் சொன்ன குற்றச்சாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "முகநூலில் ஏதாவது போட்டீங்களாம்மா?" என்றார். அவருடைய கணினியில் என் பதிவைத் திறந்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவன் அம்மாவிடம் சொன்ன ஒவ்வொன்றையும் இடது பக்கம் எழுதினார். வலது பக்கம், அது என் பதிவில் எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தார். அப்பா பெயர், பதிவு. அம்மா எண், பதிவு. சிட்டு, தம்பி போட்ட கமெண்ட். வியாழன் காலை, அதே கமெண்ட். நான்கு மணி, போன் கிடையாது, அம்மா வெளியில், என் பதில்.

நோயாளி எண்தான் மிச்சம். அதை நான் எங்கேயும் எழுதவில்லை என்று உறுதியாகச் சொன்னேன். அவர் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கினார். போர்வைமேல் அப்பாவின் இடது கை. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டை. அதில் பெயர், வயது, எண் எல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மறுநாள் அந்த பில்லிங் பெண்ணைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

யாரும் என் கணக்கை உடைத்து உள்ளே வரவில்லை. ஓடிபி கேட்கவில்லை, லிங்க் அனுப்பவில்லை. எந்த இரண்டு விஷயத்துக்கு அம்மா எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோமோ, அந்த இரண்டுமே நடக்கவில்லை.

ரத்தம் கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பதிவால்தான் நான்கு யூனிட்டும் கிடைத்தது. ஆனால் வருகிறவருக்கு என்ன தெரிய வேண்டும்? ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை ரத்த வங்கி, எப்போதைக்குள், ஒரே ஒரு தொடர்பு எண். அவ்வளவுதான். நோயாளியின் பெயரும் எண்ணும் அவர் அழைக்கும்போது போனில் சொல்லிக்கொள்ளலாம். வயதானவர்கள் எண்ணைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். படம் வேண்டாம். அரசின் இ-ரக்தகோஷ் தளத்தில் எந்த ரத்த வங்கியில் எந்த வகை இருப்பு இருக்கிறது என்று பார்க்கலாம், எனக்கு இது அப்போது தெரியாது. கார் வாடகை, சாப்பாட்டுச் செலவு என்று முன்பணம் கேட்கிறவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ரத்தத்தை விற்பதையே உச்ச நீதிமன்றம் 1996இல் தடுத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கொடுக்க வருகிறவர் நேரே ரத்த வங்கிக்கு வரட்டும், பேருந்துக் காசு கொடுக்க ஆசைப்பட்டால் அங்கே கையில் கொடுங்கள்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நலம் விசாரிப்பதைத் தயவுசெய்து போனில் விசாரியுங்கள். கமெண்டில் பெரியப்பா, சித்தி, வீட்டுப் பெயர் என்று எழுதும்போது ஒரு குடும்பத்தின் முழு உறவும் முன்பின் தெரியாத ஒருவனுக்கு எழுத்தில் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். யார் பணம் கேட்டாலும், நானே கேட்டாலும், அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பார். பதில் எங்கள் நான்கு பேருக்கு மட்டும் தெரியும். அதை எங்கேயும் எழுதியது கிடையாது.

தேவை முடிந்த உடனே பதிவை நீக்குங்கள். நான் புதன் இரவு நீக்கினேன். ஆனால் அதற்குள் யார் யாரோ படம் பிடித்து வாட்ஸப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். அதில் தேதி இல்லை, அதனால் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம்கூட திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் அழைத்தார். நான் பி நெகட்டிவ்தான், இப்போதே கிளம்பி வரட்டுமா என்று கேட்டார். உண்மையிலேயே நல்ல மனிதர், பேசும்போதே தெரிந்தது. அப்பா வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிறது, ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்தேன். அவர் அழைத்தது அம்மாவின் எண்ணுக்கு. புது எண்ணைப் பார்த்ததும் அம்மா எடுக்காமல், மணி அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே என்னிடம் நீட்டினார்.