குளப் புனரமைப்பில் தொல்லியல் கண்காணிப்புச் சேவை: கமக்காரர் அமைப்பின் பார்வையில் ஒரு மதிப்பீடு

நெடுங்கேணிக்கு அப்பாலுள்ள எங்கள் சிறுகுளம் அரச நிதியில் புனரமைக்கப்பட்டபோது, தொல்லியல் கண்காணிப்புக் குழு ஒன்றும் அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டது. கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற முறையில் அவர்களுடைய பணியை முதல் களப்பார்வையிலிருந்து இறுதி அறிக்கை வரை அருகிலிருந்து பார்த்தேன். வன்னியில் சிறுபோகக் காலம் வந்தால் ஏதோவொரு குளத்தில் டோசர் இறங்குவது வழமை என்பதால், இத்தகைய சேவையை ஏற்கவிருக்கும் மற்ற அமைப்புகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: வந்தவர்கள் திறமையானவர்கள், அவர்களுடைய வேலை நேர்மையானது, ஆனால் அவர்கள் அழைக்கப்பட்ட நேரம் பிந்தியது, அவர்கள் தந்த அறிக்கை எங்கள் கைக்கு எட்டாத மொழியில் இருக்கிறது.

இந்தச் சேவை யாரோ காட்டும் தயவு அன்று. இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தைத் திருத்திய 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம், அபிவிருத்தித் திட்டம் ஒன்று நிலத்தைத் தொடுவதற்கு முன்னர் தொல்லியல் பாதிப்பு மதிப்பீடு செய்யப்படவேண்டும் என்ற கடப்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கான நடைமுறை ஒழுங்குகள் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. உலக வங்கியின் கடன் பெறும் திட்டங்களுக்கு, 2018 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றாடல், சமூகச் சட்டகத்தின் 8ஆவது நியமம் பண்பாட்டு மரபுரிமைக்கென்றே தனியாக உண்டு. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, கூட்டாட்சிப் பணத்தைச் செலவிட ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னரே வரலாற்றிடங்களுக்கு நேரக்கூடிய பாதிப்பைக் கருத்திற்கொள்ளவேண்டும் என்கிறது. இவை எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டிய சொல் ‘முன்னர்’ என்பதே. எங்கள் குளத்தில் வேலைக்கான செலவு மதிப்பீடு தயாராகி, ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இயந்திரங்கள் வந்து இறங்கிய பின்னர்தான் கண்காணிப்புக் குழு வந்து சேர்ந்தது.

‘இது புனரமைப்புத்தானே, புதிய கட்டுமானம் அல்லவே, இதற்கு எதற்குத் தொல்லியல்?’ என்ற கேள்வி எங்கள் கூட்டத்திலும் எழுந்தது. வன்னியைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியில் நியாயம் இல்லை. இங்கே நாம் புனரமைப்பவற்றில் பல, உடைந்து காடுபற்றிக் கிடந்த பழங்குளங்களின்மேல் மீண்டும் எழுந்தவை. 1950களில் மறுபடியும் நீர் தேக்கப்பட்ட வவுனிக்குளம் அதற்குப் பெரிய சான்று. பழைய குளங்களின் காலத்தைச் செங்கல்லின் அளவைக்கொண்டு மதிப்பிட முயன்ற பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் ஆராய்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. மன்னார் கட்டுக்கரைக்குளத்தின் அருகே பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது சுடுமண் உருவங்களும் தொன்மையான மட்பாண்டங்களும் வெளிப்பட்டதை நம்மில் பலர் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அந்தப் பெருங்குளங்களுக்கு உண்மையாக இருப்பது எங்கள் சிறுகுளங்களுக்குப் பொய்யாகிவிடாது. 80 ஹெக்டேயருக்குட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சுவதால் அவை சிறியவை என்று வகுக்கப்பட்டுள்ளனவே தவிர, வயதில் சிறியவை என்று எவரும் சொல்லவில்லை.

குழுவினர் முதலில் குளக்கட்டை முழுமையாக நடந்து பார்த்தார்கள். துருசு (நீர் திறக்கும் மதகு) இருந்த இடத்தில் பழைய கற்பலகைகள் சில மண்ணுக்குள் சரிந்து கிடந்தன. அவற்றை எடுத்து அலைகரையில் அடுக்கிவிடலாம் என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் எண்ணியிருந்தார்கள். உளியின் தடம் தெரிந்த ஒவ்வொரு பலகையையும் அளந்து, இலக்கமிட்டு, படமெடுத்து, புதிய துருசுக்கு வெளியே கரையோரமாகத் தனியே வைக்கச் செய்தவர்கள் இந்தக் குழுவினரே. கட்டிலுள்ள மருதமரத்தடியில் நாங்கள் வைத்துக் கும்பிடும் வைரவர் சூலத்தையும் அவர்கள் பதிவில் சேர்த்துக்கொண்டார்கள். மண்ணுக்குள் இருப்பதைப் போலவே மக்கள் வழிபடுவதும் மரபுரிமைதான் என்பதை விளக்கம் கேட்காமலே அவர்கள் புரிந்துகொண்டிருந்தது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

ஆனால் இத்தகைய வேலைகளில் மரபுரிமை அழிவது பெரும்பாலும் குளக்கட்டில் அன்று, கட்டுக்கு மண் எடுக்கும் இடத்தில்தான். கட்டை உயர்த்துவதற்கான மண் குளத்தின் பின்புறத்தில், வயலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்திலிருந்து எடுக்கப்படுகிறது. வெள்ளம் ஏறாத, நீருக்கு அண்மையான அந்தத் திட்டிகளைத்தான் பழங்காலத்தவரும் குடியிருப்புக்குத் தெரிந்தெடுத்தார்கள். குழுவுக்குக் கொடுக்கப்பட்ட வரைபடத்தில் மண் எடுக்கும் இடம் குறிக்கப்படவே இல்லை. எங்கள் அமைப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர் களப் பொறுப்பாளராக வந்த இளம் பெண்ணிடம், “பிள்ளை, கட்டைப் பார்த்தது காணும், மண் வெட்டுற திட்டியையும் ஒருக்கா வந்து பாருங்கோ” என்று அழைத்துச் சென்றிராவிட்டால், அந்த இடம் முழுவதும் டிப்பரில் ஏறிக் கட்டோடு கட்டாகியிருக்கும்.

களப் பொறுப்பாளர் அங்கே செய்ததை அருகில் நின்று பார்த்தேன். பெக்கோவை நிறுத்தச் சொல்லி, அது வெட்டிய மண்முகத்தைச் சிறு கரண்டியால் செங்குத்தாகச் சுரண்டித் துப்புரவாக்கினார். சற்று நேரத்தில் மண்ணின் படைகள் தெளிவாகத் தெரிந்தன: மேலே வேர் பின்னிய சாம்பல்நிற மண், அதன்கீழ் ஒரு சாண் தடிப்பில் கரித்துண்டுகள் கலந்த கறுத்த படை, அதற்கும் கீழே மனிதர் புழங்காத செம்மண். கறுத்த படையிலிருந்து அவர் எடுத்த ஓட்டுத்துண்டு வெளிப்புறம் சிவந்தும் உட்புறம் கறுத்தும் இருந்தது. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்பக்கம் கறுத்துவிடும் என்று, சுற்றி நின்ற பெக்கோச் சாரதிக்கும் கூலியாட்களுக்கும் விளங்கும்படி சொன்னார். அருகில் இரும்பு உருக்கிய கசடும் கிடந்தது. கையில் எடுத்தால் பாரமானது, மேற்பரப்பில் பனங்கட்டிப் பாகு வழிந்து உறைந்ததைப் போன்ற மடிப்புகள் கொண்டது. இத்தகைய கசடுகளை நாங்கள் பிள்ளைப் பருவம் முதல் வயல் வரம்புகளில் கண்டிருக்கிறோம். எங்கள் ஊரில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்று ஒருவர் நிலத்தில் காட்டிச் சொன்னது இதுவே முதல் முறை. அன்று மாலை சாரதியே இன்னுமொரு ஓட்டுத்துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சேவையின் மிகப் பெரிய வெற்றி இதுதான் என்று நான் கருதுகிறேன். இயந்திரத்தின் முன்னால் இருப்பவருக்குக் கண் திறக்காமல் எந்தக் கண்காணிப்பும் பயன் தராது.

திட்டியில் வேலை நிறுத்தப்பட்டு, மண் எடுப்பது தொலைவிலுள்ள வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குள் ஒரு மூலை வெட்டுப்பட்டுவிட்டது. மண்ணை ஏற்றியிறக்கும் தூரம் கூடியதால் ஏற்பட்ட செலவு மதிப்பீட்டில் இல்லாதது. எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீட்டிலிருந்து அதைச் சமாளிப்பதற்குள் ஒப்பந்தக்காரருக்கும் எங்களுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது. காலபோகத்துக்கு முன் துருசு பூட்டப்படுமா என்று கமக்காரர் கலங்கினார்கள். வரைபடம் கீறும் நாளிலேயே குழு அழைக்கப்பட்டிருந்தால் திட்டியும் பிழைத்திருக்கும், பணமும் மிஞ்சியிருக்கும். இந்தப் பிந்துதலுக்குக் குழுவைக் குறைசொல்ல முடியாது. திட்டத்தை வரைந்தவர்கள்தான் பொறுப்பு.

தற்செயலாக ஏதும் கிடைத்தால் செய்யவேண்டியவை பற்றி அவர்கள் தொழிலாளருக்கு நடத்திய வகுப்பைத் தனியாகக் குறிப்பிடவேண்டும். வேலையை நிறுத்துதல், இடத்தைக் கயிறு கட்டி மறித்தல், எடுத்ததை அசைக்காமல் வைத்தல், அறிவித்தல் என்பன எந்தக் கைந்நூலிலும் உள்ளவை. மனித எலும்பு தென்பட்டால் அது பழையதா புதியதா என்று அங்கே நின்று தீர்மானிக்க எவருக்கும் உரிமை இல்லை, பொலிஸுக்கும் அவர்கள் வழியாக நீதவானுக்கும் உடனே தெரியப்படுத்தவேண்டும் என்று அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். 2018இல் மன்னாரில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோதும், 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோதும் மனித எலும்புகள் வெளிப்பட்டதை அறிந்த மண் இது. காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. அந்த வகுப்பில் இந்த விடயம் மூடிமறைக்கப்படாமல் மரியாதையோடு பேசப்பட்டது.

குழு தடுமாறிய இடம் ஊர்க்கூட்டம். தொல்லியலின் பெயரால் காணி, வழிபாட்டுச் சர்ச்சைகள் எழுந்த குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்ற பெயர்கள் எழாமல் இந்தப் பக்கத்தில் தொல்லியல் பற்றிய எந்தக் கூட்டமும் முடிவதில்லை. “ஓடு கிடைச்சது எண்டு எழுதினால், நாளைக்கு எங்கடை காணிக்கு எல்லைக்கல்லுப் போட மாட்டினம் எண்டதுக்கு என்ன உத்தரவாதம், தங்கச்சி?” என்று ஒரு தாய் கேட்டார். அது தங்கள் வேலையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதே குழுவின் பதில். அந்தப் பதில் உண்மையாக இருக்கலாம், ஆனால் போதுமானது அன்று. கண்டெடுத்ததை மறைப்பது சட்டப்படி குற்றம். இருந்தும் மக்கள் மறைக்கிறார்கள் என்றால், கண்டெடுத்தவர்களே தண்டிக்கப்படுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. பதிவு செய்வதற்கும் காணியை ஒதுக்குவதற்கும் இடையே எத்தனை படிகள் உள்ளன, அவற்றில் எதில் கிராமத்தவர் ஆட்சேபிக்கலாம், எவரிடம் எழுத்தில் கேட்கலாம் என்பதை விளக்கக்கூடிய ஒருவரை அழைத்துவராமல் ஊர்க்கூட்டம் வைப்பது சேவையில் உள்ள பெரிய குறை.

அடுத்த குறை அறிக்கை. படங்களும் அளவுகளும் நேர்த்தியானவை, கறுத்த படையின் வெட்டுமுக வரைபடம் அழகானது. ஆனால் அது முழுவதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தமிழில் ஒன்றரைப் பக்கச் சுருக்கம் மட்டும் இணைக்கப்பட்டுள்ளது. அரசியலமைப்பின்படி தமிழ் வடக்கின் நிர்வாக மொழி. திட்டியைக் காட்டிக்கொடுத்த முதியவர் தம் ஊரைப் பற்றிய அறிக்கையைப் படிக்க இன்னொருவரின் தயவை நாடவேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே இந்தச் சேவையை அழைக்க எண்ணும் அமைப்புகளுக்கு நான் கூறுவது: மறுக்காமல் அழையுங்கள், ஆனால் செலவு மதிப்பீடு தயாராவதற்கு முன்னரே கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கோருங்கள். குளக்கட்டோடு மண் எடுக்கும் இடம், கிரவல் கொட்டும் இடம், டிப்பர் போகும் தற்காலிகப் பாதை ஆகியவையும் ஆய்வெல்லைக்குள் வருகின்றனவா என்று வரைபடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள். முழுமையான தமிழறிக்கை தரப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் அமைப்பு முழு அறிக்கையின் தமிழ்ப் பிரதியைக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது; அது வந்தால் ஒரு பிரதி பாடசாலை நூலகத்துக்கும் இன்னொன்று கமநல சேவை நிலையத்துக்கும் கொடுக்கப்படும்.