புழல் பக்கத்து மரவாடி: உத்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு

விலை சொல்வதற்கு முன்னால் "தூணுக்குத் தூண் எத்தனை அடி? மேல ஓடா, ஷீட்டா?" என்று கேட்ட கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மற்ற கடைகளில் சைஸைச் சொன்னால் கால்குலேட்டரைத் தட்டிக் கன அடிக் கணக்கைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு 12க்கு 10 அடியில் ஒரு கொட்டகை. நாலு தூண், சுவர் கிடையாது, மேலே மங்களூர் ஓடு. ஆசாரி கொடுத்த சீட்டில் 12 அடி உத்திரம் ரெண்டு, 4க்கு 6 (அகலம் 4, உயரம் 6 அங்குலம்) வேங்கை மரம் என்று இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், அதே காசுக்கு 3க்கு 8 எடுத்துக்கோங்க" என்றார்.

சும்மா சொல்லவில்லை. குறுக்கே அறுத்தால் இரண்டுக்குமே 24 சதுர அங்குலம்; 12 அடிக்குச் சரியாக 2 கன அடி. ஆனால் உத்திரத்தின் விறைப்பு உயரத்தில் இருக்கிறது. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பும் இரண்டு மடங்கு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு. 4க்கு 6 என்றால் 4×6×6×6, அதாவது 864. 3க்கு 8 என்றால் 3×8×8×8, அதாவது 1536. பத்துப் பைசா கூடுதலாகக் கொடுக்காமல் விறைப்பில் முக்கால் பங்குக்கு மேல் லாபம்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவள், கை சும்மா இருக்குமா? ஓடும், அதைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பரும் சதுர அடிக்கு ஆறேழு கிலோ வரும். ஓடு போன்ற உடையும் சரக்கைத் தாங்கும் உத்திரம் அதன் நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்பது இந்தியத் தர விதி. 12 அடிக்கு அது 0.4 அங்குலம். என் கணக்கில் 4க்கு 6 அந்த வரம்பைத் தாண்டியது, 3க்கு 8 கால் அங்குலத்தில் நின்றது. நடுவில் ஒரு தூண் கொடுத்தால் 3க்கு 5கூடப் போதும். ஆனால் சாப்பாட்டு மேஜைக்கு நடுவே தூணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மரம் பொறுக்கித் தந்த விதத்துக்குத் தனியாக ஒரு சபாஷ். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டையின் முனையிலிருந்து நீளவாக்கில் பார்த்தார். லேசான வில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து அங்கே சாக்பீஸால் 'மேல்' என்று எழுதினார். நடுப்பகுதியில் அடி ஓரமாகக் கணு இருந்த ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டார். இழுவை முழுக்க அடிப்பக்கத்தில்தான் என்பதால் கணு அங்கே இருக்கக் கூடாது. "கைமரத்தைப் பொருத்தக் கைமரத்திலேயே வெட்டச் சொல்லுங்க, உத்திரத்துல உளி வைக்க விடாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார். கைமரம் என்பது உத்திரத்தின் மேல் சாய்வாக உட்காரும் கூரைக் கட்டை.

குறை இல்லாமல் இல்லை. பில் போடுவது அறுத்த அளவுக்கு. இழைத்துக் கைக்கு வருவது 2¾க்கு 7¾. ஊரெல்லாம் இதே வழக்கம்தான், இருந்தாலும் முதலிலேயே சொல்ல வேண்டாமா? அந்தக் கால் அங்குலத்தில் விறைப்பு ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. எனக்கு 3க்கு 8 என்பதால் தாங்கியது. விளிம்பில் கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள், இழைத்த பிறகு என்ன அளவு நிற்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

போல்ட்டு, இரும்புப் பட்டை எதுவும் இங்கே கிடைக்காது, பாரிமுனைக்குத்தான் போக வேண்டும். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சுவரில்லாத கொட்டகைக்குள் காற்று புகுந்தால் கூரையைக் கீழிருந்து தூக்கும். 2016 வர்தா புயலைப் பார்த்த ஊர் இது. தர விதியில் சென்னைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகமே நொடிக்கு 50 மீட்டர். தூணையும் உத்திரத்தையும் பட்டை போட்டு முடுக்குங்கள், ஆணியை நம்ப வேண்டாம்.

ஐந்துக்கு நாலு. டாடா ஏஸ் வாடகை தனி, இறக்குகூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.