கைக்குழந்தையோடு இரண்டு நாள்: வியன்னாவா, ப்ராக்கா?

மகளுக்கு மார்ச் மாதம் மியூனிக்கில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம், சுகப்பிரசவம். நானும் வீட்டுக்காரரும் மூன்று மாதம் கூட இருந்துவிட்டு ஜூன் முதல் வாரம் சேலம் திரும்பினோம். இனி சம்பந்தி வீட்டார் முறை, செப்டம்பரில் ஆத்தூரிலிருந்து கிளம்புகிறார்கள். போன வாரம் சம்பந்தியம்மா போன் பண்ணினார். "சனி ஞாயிறு சேர்ந்தாப்புல ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பையன் சொல்றான். நீங்க வியன்னாவும் பார்த்தாச்சு, ப்ராக்கும் பார்த்தாச்சு. எங்களுக்கு ஒண்ணுதான் தோதுப்படும் போல. எதுக்குப் போகட்டும்?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, அதற்குள் அவருக்குக் குக்கர் விசிலடித்துவிட்டது. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன். பேரன் பேத்தியைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் இப்போது எங்கள் ஃபேர்லேண்ட்ஸில் தெருவுக்கு இரண்டு வீடு இருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு வியன்னாவுக்கு. ஆனால் இரண்டில் எது அழகு என்று கேட்டால் ப்ராக் என்றுதான் சொல்வேன்.

இரண்டுக்கும் பொதுவான விஷயங்களில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஜெர்மனிக்கு எடுத்த ஷெங்கன் விசாவே வியன்னா இருக்கும் ஆஸ்திரியாவுக்கும் ப்ராக் இருக்கும் செக் நாட்டுக்கும் செல்லும், தனி விசா வேண்டாம். வியன்னாவில் யூரோ. ப்ராக்கில் கொருனா என்று வேறு பணம், ஆனால் பெரும்பாலும் கார்டிலேயே முடிந்துவிடுகிறது. சைவச் சாப்பாடு இரண்டு ஊரிலும் கிடைக்கிறது. நான் எதற்கும் இருக்கட்டும் என்று புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போனேன். செலவு பார்த்தால் ப்ராக் குறைச்சல்தான், தங்குமிடத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது. குழந்தை ஜெர்மனியில் பிறந்ததால் ஜெர்மன் பாஸ்போர்ட் தானாக வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அப்பா அம்மா இந்தியக் குடிமக்கள், எங்கள் பேத்திக்கு மியூனிக் இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்து இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, அதன்பின் அந்த ஊர் வதிவிட அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது. அது கைக்கு வரும்வரை குழந்தையை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. ஷெங்கன் நாடுகளுக்குள் சோதனையே கிடையாது என்பார்கள், நம்பாதீர்கள். ஆஸ்திரியாவிலிருந்து திரும்பும்போது ரயிலில் போலீஸ் ஏறி ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் கேட்டார்கள். நாற்பது நாள் கழிந்து, காகிதங்கள் எல்லாம் வந்துசேர மே நடுவாகிவிட்டது. அதற்குப் பிறகு கிடைத்த இரண்டு சனி ஞாயிறுகளில்தான் முதலில் வியன்னா, அடுத்து ப்ராக். உங்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது சம்பந்தியம்மா, பேத்தியின் பாஸ்போர்ட் இப்போது பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் இரண்டு மாதக் குழந்தை ஒன்று, அதன் ஸ்ட்ரோலர் ஒன்று, தையல் ஆறி இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த மகள், வலது முட்டிக்கு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் வீட்டுக்காரர். இப்படி ஒரு குடும்பம் வெளியே கிளம்பினால் கோட்டையும் அரண்மனையும் இரண்டாம் பட்சம். காலடியில் என்ன தரை இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சமதளமா, மேடு பள்ளமா, படியா, லிஃப்டா. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. எல்லாரும் என்ன பார்க்கலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்களே தவிர, எப்படி நடப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பேத்தியைத் தொட்டிலில் போட்ட அன்று, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சொல்லிச் செய்து எடுத்துப்போன வெள்ளிக் கொலுசைக் காலில் போட்டோம். ஒவ்வொரு காலுக்கும் மூன்று மூன்று முத்து, அவ்வளவுதான். வியன்னாவில் இரண்டு நாளும் அந்தக் கொலுசு குழந்தை காலை உதைத்தால் மட்டும்தான் சத்தம் போட்டது. ப்ராக்கில் ஸ்ட்ரோலரைத் தள்ளத் தொடங்கியதிலிருந்து நிறுத்தும்வரை விடாமல் சலசலவென்று ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்த ஊர் நடைபாதையில் உள்ளங்கையில் அடங்கும் சிறு சிறு கற்களை, வெள்ளையும் சாம்பலுமாகக் கோலம் போட்டது போலப் பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் அவ்வளவு அழகு. ஆனால் ஸ்ட்ரோலரின் முன் சக்கரம் அதன்மேல் ஏறியதும் கைப்பிடி முழுக்க அதிர்கிறது, குழந்தையின் கன்னம் குலுங்குகிறது, தூங்கின பிள்ளை பத்து நிமிடத்துக்கொரு முறை விழித்துக்கொள்கிறது. ஒரு இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே சக்கரம் சிக்கி, மாப்பிள்ளை வண்டியைக் குழந்தையோடு தூக்கி வைக்க வேண்டியதாயிற்று.

வியன்னா ஏன் அப்படி இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய நகரத்தைச் சுற்றியிருந்த கோட்டை மதிலை இடிக்கச் சொல்லி 1857-இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் உத்தரவு போட்டார். மதில் இருந்த இடத்திலும் அதற்கு வெளியே வெட்டவெளியாகக் கிடந்த இடத்திலும் போட்டதுதான் ரிங் சாலை, 1865-இல் திறந்தார்கள். நாடாளுமன்றம், நகர மன்றம், ஆப்பரா, பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் அந்த ஒரே சாலை ஓரமாக வரிசையாக நிற்கின்றன. அகலமான நடைபாதை, மர நிழல், உட்கார பெஞ்சு. நாங்கள் டிராமில் ஏறி உட்கார்ந்து பாதி ஊரைப் பார்த்துவிட்டோம். அந்தப் புது டிராம்களின் தரை நடைமேடையிலிருந்து ஒரு சாண்கூட உயரமில்லை, ஸ்ட்ரோலரை அப்படியே உருட்டி ஏற்றலாம். மெட்ரோவில் எல்லா நிலையத்துக்கும் லிஃப்ட் உண்டு. உள் நகரத்திலும் கல் பதித்த சந்துகள் இருக்கத்தான் செய்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவற்றைத் தவிர்த்துவிட்டு வேறு வழியில் போக முடிகிறது.

ப்ராக் இதற்கு நேர்மாறு. இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர், தெருக்கள் நூற்றாண்டுகளுக்கு முந்தைய போக்கிலேயே வளைந்து நெளிந்து போகின்றன. அந்த அழகே அதனால் வந்ததுதான், சிரமமும் அதனால்தான். கோட்டை மலைமேல் இருக்கிறது. 22-ஆம் எண் டிராமில் போனால் ஏற்றம் இல்லாமல் போய்ச் சேரலாம் என்று மாப்பிள்ளை விசாரித்து வைத்திருந்தார், போனோம், அதுவரை நல்லதுதான். திரும்பும்போது நடந்தே இறங்கிவிடலாம் என்று நினைத்ததுதான் தப்பு. ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கினவர்களுக்குத் தெரியும், ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம். வீட்டுக்காரர் ஒவ்வொரு கடை வாசலிலும் கண்ணாடியைப் பார்ப்பது போல நின்று நின்று வந்தார். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது, ஆழமான நிலையங்களில் எஸ்கலேட்டர் நம் ஊர் மால்களில் ஓடுவதைவிட வேகம். டிராமில் தாழ்தளமும் வரும், மூன்று உயரப் படி வைத்த பழைய சிவப்பு வண்டியும் வரும். நாங்கள் அவசரத்தில் ஏறியது படி வைத்தது.

இன்னொன்றும் எங்களுக்கு அமைந்தது. ப்ராக்கில் எடுத்திருந்த வாடகை வீடு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. படத்தில் ஜன்னலும் பூந்தொட்டியும்தான் போட்டிருந்தார்கள். இது ஊரின் குற்றம் இல்லை, அதை ப்ராக் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் அறை எடுக்கும்முன் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள், எந்த ஊராக இருந்தாலும்.

போக வரவும் பார்க்க வேண்டும். மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு ரெயில்ஜெட் ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, ஸ்ட்ரோலர் நிறுத்த இடமும் உண்டு, மகள் நிம்மதியாகப் பால் கொடுத்தாள். ப்ராக்குக்கு ரயில் ஐந்தரை ஆறு மணி நேரம் ஆகும் என்பதால் காரில் போனோம். குழந்தையைக் கார் இருக்கையில் ரொம்ப நேரம் வைக்கக் கூடாது என்று மகள் மணிக்கொரு தரம் நிறுத்தச் சொல்லி, நாலு மணி நேரப் பயணம் ஆறாக நீண்டது. இரண்டு நாள் விடுமுறையில் அது பெரிய நஷ்டம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் ப்ராக் போனதற்கு நான் வருத்தப்படவில்லை, ஒரே காரணம் குழந்தை இயேசு. சேலம் நாலு ரோட்டில் நம் குழந்தை இயேசு பேராலயத்தைத் தாண்டித்தான் முப்பது வருஷம் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்தேன். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள், எந்தச் சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். அந்தக் குழந்தை இயேசுவின் மூல வீடு ப்ராக் என்பது எனக்கு அங்கே போகும்வரை மனதில் உறைக்கவில்லை. 1628-இல் பொலிக்சேனா என்ற சீமாட்டி கர்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்த சுரூபம், அதாவது சிலை. பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஒரு முழ உயரம்தான், மரத்தில் செய்து மெழுகு பூசியது. பல நாடுகளிலிருந்து அனுப்பிய உடைகளை மாற்றி மாற்றி உடுத்துகிறார்கள். நாங்கள் போனபோது பச்சைப் பட்டு. கோயிலுக்குள் தரை வழவழவென்று இருந்தது, கொலுசுச் சத்தம் நின்றுபோனது, பேத்தி அரை மணி நேரம் அசையாமல் தூங்கினாள். என்கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் சொல்லியனுப்பிய மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வந்தேன்.

சார்லஸ் பாலமும் சொல்ல வேண்டும். 1357-இல் தொடங்கிக் கட்டியது, அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, வண்டி கிடையாது, இரண்டு பக்கமும் சிலைகள். பத்து மணிக்கு மேல் போனால் நம் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் ஆடிக் கூட்டம் போலத்தான், ஸ்ட்ரோலர் நகராது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனோம், ஆற்றின்மேல் பனி விலகிக்கொண்டிருந்தது, ஆளே இல்லை. அன்றைக்கு ஸ்ட்ரோலரைக் காரிலேயே வைத்துவிட்டு, குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பையில் மாப்பிள்ளை சுமந்து வந்தார். முதல் நாளே அப்படிச் செய்திருக்கலாம். 1410-ஆம் வருஷத்துக் கடிகாரத்தில் மணிக்கொரு தரம் பொம்மைகள் சுற்றி வருவதையும் பார்த்தோம், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

வியன்னாவில் அப்படி நெஞ்சைப் பிடிக்கிற இடம் எனக்கு அமையவில்லை, அதையும் நேராகவே சொல்கிறேன். ஆனால் அங்கே யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. ஸ்டீபன் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 343 படி, வடக்குக் கோபுரத்தில் லிஃப்ட். வீட்டுக்காரர் லிஃப்டில் மேலே போய் இருபது டன்னுக்கு மேற்பட்ட மணியைப் பார்த்துவிட்டு வந்து அன்று இரவு வரைக்கும் அதையே பேசினார். ஷோன்ப்ரூன் அரண்மனைக்குள் நாங்கள் போகவில்லை, 1,441 அறையாம், குழந்தையோடு எதற்கு. தோட்டத்துக்குக் காசு இல்லை. மேட்டின்மேல் இருக்கும் மண்டபத்துக்கு ஏறாமல், கீழே பூப்பாத்திகளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருக் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர், 1873-இலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். மேட்டூர்த் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த எனக்கு அந்தக் குழாயடியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போல இருந்தது.

வியன்னாவில் ஒரே கஷ்டம் ஞாயிற்றுக்கிழமை. கடைகள் எல்லாம் அடைத்துவிடுகிறார்கள். காலையில் டயப்பர் தீர்ந்துபோய், கடைசியில் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருந்த கடையில் கிடைத்தது. ப்ராக்கில் ஞாயிறும் கடை திறந்திருக்கும்.

ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால் இரண்டும் வேண்டாம், சால்ஸ்பர்க் போய்வாருங்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் நாள் டிக்கெட்டிலேயே போகலாம், ஐந்து பேர்வரை ஒரே டிக்கெட், சனி ஞாயிறில் காலையிலிருந்தே செல்லும். மொசார்ட் பிறந்த வீடு, மிராபெல் தோட்டம், ஆற்றங்கரை, எல்லாம் பெரும்பாலும் சமதளம். கோட்டைக்கு இழுவை ரயில் உண்டு.

நீங்கள் போகிற செப்டம்பர், அக்டோபரில் அங்கே எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்துப் பார்த்ததில்லை, எங்கள் பயணம் வெயில் நாளில் நடந்தது. மழையில் ப்ராக் கற்கள் வழுக்கும் என்று மகள் சொல்கிறாள். உங்களுக்கும் சம்பந்திக்கும் முட்டி நன்றாக இருக்கிறது, அந்த வகையில் எங்களைவிடக் கொடுத்து வைத்தவர்கள். ஆனாலும் பேத்திக்கு அப்போது ஆறு ஏழு மாதம், எடை கூடியிருக்கும், பையில் வைத்து நாள் முழுக்கச் சுமக்க முடியாது, ஸ்ட்ரோலர் இல்லாமல் ஆகாது. அதனால் ஒன்றுதான் என்றால் வியன்னா. இன்னொரு சனி ஞாயிறு கிடைத்தால் ப்ராக், கோட்டையிலிருந்து இறங்கும்போதும் டிராமிலேயே.

அப்புறம் ஒன்று. அந்தக் கொலுசு இப்போதே இறுக்கமாகிவிட்டதாம், மகள் படம் அனுப்பியிருந்தாள், கணுக்காலில் தடம் தெரிகிறது. அடுத்த அளவு செவ்வாய்ப்பேட்டையில் சொல்லியிருக்கிறேன், ஆவணி பிறந்ததும் தந்துவிடுவார்கள். நீங்கள் கிளம்பும்முன் ஆத்தூருக்கு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட வேண்டாம்.