ஏரியில் ஒரு நாள்: மிதிபடகா, துடுப்புப் படகா, மோட்டார் படகா?

கொஞ்ச நேரம் படகு, கொஞ்ச நேரம் தூண்டில், அப்புறம் மரநிழலில் உட்கார்ந்து சாப்பாடு. ஏரிக்குக் குடும்பத்தோடு கிளம்பும் பலரின் திட்டம் இதுதான். மூன்றும் ஒரே நாளில் கூடிவருமா என்பது பெரும்பாலும் எந்தப் படகை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. என் ஓட்டு துடுப்புப் படகுக்கு.

மிதிபடகைக் குழந்தைகள் விடவே மாட்டார்கள். கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, அடிப்பகுதி அகலம் என்பதால் ஆட்டமும் குறைவு. அரை மணி நேரம் சுற்றிவர அருமையானது. ஆனால் காற்று கிளம்பிவிட்டால் அதன் உயரமான உடம்பு பாய் மாதிரி காற்றை வாங்கிக்கொள்ளும். எவ்வளவு மிதித்தாலும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். தூண்டில் போடவும் தோதுப்படாது. மிதிக்கும்போது அடியில் சுழலும் சக்கரத்தில் தங்கூசி, அதாவது தூண்டிலின் நைலான் நூல், மாட்டினால் அன்றைய மீன்பிடிப்பு அதோடு சரி.

மோட்டார் படகு பெரிய நீர்த்தேக்கங்களுக்குச் சரி. தொலைவில் இருக்கும் கரையை நடுவெயிலுக்கு முன்பே எட்டிவிடலாம், வயதானவர்களுக்கும் சிரமம் இல்லை. சிறிய ஏரியில் அதற்கு வேலையே இல்லை. அது கிளப்பும் அலை கரை மண்ணை அரிக்கும், நாணலில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைக் கலைக்கும். குடிநீர் எடுக்கும் பல ஏரிகளில் எஞ்சினுக்கு அனுமதி இல்லாதது நியாயமே.

கயாக் என்கிற ஒடுக்கமான சிறு படகு, தனியாக மீன் பிடிக்கப் போகிறவருக்கு. நாணல் ஓரம் வரை சத்தமில்லாமல் நுழையும். சாப்பாட்டுக் கூடையும் குழந்தையும் அதில் ஏறாது.

துடுப்புப் படகின் பெரிய பலம், நினைத்த இடத்தில் நின்று தூண்டில் போட முடிவதுதான். நங்கூரத்தை முன்மூக்கிலிருந்து மெல்ல இறக்குங்கள். பின்பக்கத்தில் கட்டினால் அலை ஏறி உள்ளே தண்ணீர் வரும். துடுப்பைப் பலகையில் தடாலென்று போடாதீர்கள். தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும், மீனும் அந்த அதிர்வை உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோட்டாலேயே உணர்ந்துவிடும்.

துடுப்பு வலிக்கிறவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால் படகு கோணலாகத்தான் போகும். அதற்கு எளிய வழி உண்டு. கிளம்பிய கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அது படகின் பின்முனைக்கு நேராகவே இருக்கும்படி வலியுங்கள். துடுப்பின் அகன்ற நுனி தண்ணீரில் மூழ்கினால் போதும், ஆழமாகக் குத்தினால் கைதான் நோகும். போகும்போதே எதிர்காற்றில் போய்விடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

மீனைத் தேடும்போதும் காற்றைக் கவனிக்க வேண்டும். காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ, மிதக்கும் நுண்ணுயிர்கள் அங்கே ஒதுங்கும், அவற்றைத் தின்னச் சின்ன மீன்கள் வரும், பெரியவை பின்னாலேயே வரும். காலையும் மாலையும்தான் மீன் கடித்துத் தூண்டில் தக்கை அதிகம் ஆடும். உச்சிவெயிலைச் சாப்பாட்டுக்கு விட்டுவிடலாம்.

எந்தப் படகானாலும் லைஃப் ஜாக்கெட்டை வாரெல்லாம் இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், மடியில் வைத்துக்கொள்வதால் பயனில்லை. நடுவில் எழுந்து இடம் மாறாதீர்கள். கவிழ்ந்துவிட்டால் கரைக்கு நீந்தக் கிளம்பாமல் படகையே பிடித்துக்கொள்ளுங்கள். அறுந்த தங்கூசியை அங்கேயே விட்டு வராதீர்கள், அது பறவைகளின் காலில் சுற்றி அறுக்கும். தூண்டிலில் எடைக்குக் கட்டும் ஈயக் குண்டும் வேண்டாம். அன்னப்பறவைகள் அதை விழுங்கி விஷமேறிச் செத்ததால் இங்கிலாந்தில் 1987-லேயே பெரும்பாலான சிறிய ஈயக் குண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள்.

போகிற ஏரியில் துடுப்புப் படகு இல்லையென்றால், காற்று கிளம்புமுன் காலையிலேயே மிதிபடகில் ஒரு சுற்று போய்வந்துவிட்டு, தூண்டிலைக் கரையிலிருந்து போடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால், துடுப்புப் படகு இருந்தாலும் தூண்டிலுக்குக் கரைதான் நல்லது.